சம்பா வயலில் தாளைக் கொளுத்தலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். சம்பா அறுவடையை இயந்திரத்தில் முடித்துவிட்டோம். வயல் முழுக்க அறுத்தபின் நிற்கும் அடித்தாளும் சிதறிய வைக்கோலும் கிடக்கின்றன. எதிர்காற்றில் கொளுத்தினால் தீ பரவாது, சாம்பலும் உரமாகும் என்கிறார்கள். வரப்புக்கு அப்பால் தென்னந்தோப்பும் ஒரு கீற்றுக் கொட்டகையும் இருக்கின்றன. கொளுத்தலாமா?

பதில்: வேண்டாம் ஐயா.

எதிர்காற்றில் தீ மெதுவாக நகரும் என்பது உண்மைதான். அமெரிக்க வனத்துறையின் மிசௌலா தீ ஆய்வகத்தில் ரிச்சர்ட் ரோதர்மெல் 1972-இல் வெளியிட்ட சமன்பாடு, எரியும் பொருளின் தன்மை, ஈரம், காற்று, நிலச்சரிவு ஆகியவற்றைக் கொண்டு தீ பரவும் வேகத்தைக் கணக்கிடுகிறது. டெல்டாவில் சரிவு ஏது? காற்றும் ஈரமும்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. இரண்டுமே ஒரே பகலுக்குள் மாறிவிடும். புல், வைக்கோல் போன்ற மெல்லிய பொருள்களின் ஈரம், சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்தைப் பின்பற்றி ஏறக்குறைய ஒரு மணி நேரத்திலேயே ஏறி இறங்கும். விடியலில் பனியில் நனைந்து பற்றவே மறுக்கும் தாள், உச்சி வெயிலில் சட்டெனப் பிடித்துக்கொள்ளும். உங்கள் ஊருக்குக் கடலும் தொலைவில்லை. பிற்பகலில் கடற்காற்று நுழைந்து திசை திரும்பினால், ஊர்ந்துகொண்டிருந்த தீ காற்றோடு ஓடத் தொடங்கும். வரப்பை நம்பாதீர்கள். அதன் மேலுள்ள காய்ந்த புல்லைச் செதுக்கிவிட்டாலும், பறக்கும் தணல் தாண்டிப் போய் மட்டையிலும் கீற்றிலும் விழும்.

ஈரமாக இருக்கும்போது கொளுத்துவதும் தீர்வாகாது. சுடரின்றிப் புகைந்து எரியும்போதுதான் கார்பன் மோனாக்சைடும், நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகளும் கூடுதலாக வெளிவருகின்றன. மாலையில் மூட்டிய புகை இரவெல்லாம் தரையை ஒட்டித் தங்கும். மூச்சிரைப்பு உள்ளவர்களும் குழந்தைகளும் அதைத்தான் சுவாசிக்க வேண்டும்.

சாம்பலைப் பற்றிச் சொல்வது பாதி உண்மை. ஒரு டன் வைக்கோலில் சுமார் 5 முதல் 8 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. எரித்தால் அது ஏறக்குறைய முழுவதும் காற்றில் போய்விடும். சாம்பல்சத்தின் (பொட்டாசியம்) பெரும்பகுதி தங்கும், அதையும் காற்று அள்ளிப்போகாமல் இருந்தால்.

கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கிலும் நெல் விவசாயிகள் இப்படித்தான் எரித்துவந்தார்கள். 1991-இல் வந்த சட்டம் அதைப் படிப்படியாகக் குறைத்தது. பலர் குளிர்காலத்தில் வயலில் நீர் கட்டித் தாளை மட்கவிட்டார்கள். அந்த நீரைத் தேடி நீர்ப்பறவைகளும் வந்தன. கோடையில் நம்மிடம் அவ்வளவு நீர் இல்லை. ஆகவே வேறு வழி பார்ப்போம்.

வைக்கோல் கட்டும் இயந்திரத்தை வரவழைத்து, கிடப்பதைக் கட்டிவிடுங்கள். மாட்டுத் தீவனத்துக்கு வாங்க ஆள் இருக்கும். அறுவடைக்கு முன்பே உளுந்து தெளித்திருந்தால் தீ என்ற பேச்சுக்கே இடமில்லை. உழவும் வேண்டாம், நிற்கும் தாளை அப்படியே விடுங்கள். தெளிக்கவில்லை என்றால், கோடை மழை பெய்து மண் பதமானதும் ரோட்டவேட்டரால் (சுழல் கலப்பை) மடக்கி உழுங்கள். அடுத்த நடவுக்குச் சில வாரங்கள் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். மட்காத தாளோடு நீர் கட்டினால் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு அதிகம் வெளியாகும். மட்கச்செய்யும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால் இளம் பயிரும் சில நாள் வெளுத்து நிற்கும்.

பக்கத்து வயலில் யாரேனும் கொளுத்திவிட்டால், தோப்பின் ஓரத்துக் காய்ந்த மட்டைகளை முதலில் அகற்றுங்கள். கொட்டகைக் கூரையை நனைத்துவையுங்கள். தீ தோப்பின் பக்கம் திரும்பினால் தயங்காமல் 101-ஐ அழையுங்கள்.