பதில்: கூண்டு ஏற்றினாலே நெஞ்சு படபடக்கிறது

கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலே நெஞ்சு படபடக்கிறது, விடிய விடிய வாட்ஸ்அப் பார்த்தபடி கிடக்கிறேன் என்கிறீர்கள் சகோதரி. 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயலைப் பார்த்த ஊர்க்காரருக்குப் பயம் வராவிட்டால்தான் அதிசயம்.

ஒன்றாம் எண் என்பது, தூரக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது என்று கப்பல்களுக்குச் சொல்வது. கரைக்கு உடனடி ஆபத்து என்று பொருளில்லை. வானிலை மையத்தின் அறிவிப்பைக் காலையும் மாலையும் மட்டும் பாருங்கள். 'கடலூர் காலி' என்று கத்தும் யூடியூப் ஆட்களை யோசிக்காமல் பிளாக் பண்ணுங்கள்.

படபடப்பு வந்தால் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் தரையில் பதியுங்கள். நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். விடுவதுதான் நீளமாக இருக்கணும், அப்போதுதான் துடிப்பு இறங்கும். பெரும்பாலும் படபடப்பு பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, பிறகு மெல்லத் தணிந்துவிடும். சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம்.

கைக்கு வேலை கொடுப்பதும் உதவும். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா எல்லாம் ஒரு ஜிப் கவரில், டார்ச், மாத்திரை, குடத்தில் தண்ணீர். எடுத்து வைத்தாச்சா, முடிந்தது. திரும்பத் திரும்பத் திறந்து பார்க்காதீர்கள், அதுவே பயத்துக்குத் தீனி.

நெஞ்சுவலி கை, தாடைக்குப் பரவினால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். புயல் ஓய்ந்து வானம் வெளுத்த பிறகும் தூக்கம் வரவில்லையா? 14416, டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம். நேரில் போக புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.