அண்டா வாங்க வராத வீடு

அன்புள்ள ஐயா,

நான் மதுரைப் பக்கத்துக்காரன். வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவன், ஆறு வருடங்களுக்கு முன் சாட்ஸ்வொர்த்தில் வீடு வாங்கினேன். போன ஆண்டு எங்கள் பகுதி வீட்டுவரி செலுத்துவோர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கினார்கள். நானூறு வீடுகள் உள்ள பகுதி. மாதக் கூட்டத்துக்கு எட்டுப் பேர்தான் வருகிறார்கள், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். அதில் ஒரு பாட்டி வாயே திறக்காமல் கடைசிவரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். வாட்ஸாப் குழுவில் மட்டும் முந்நூறு பேர் இருக்கிறார்கள். தெருவிளக்கு, குப்பை, தண்ணீர் என்று ராத்திரியெல்லாம் புகார். வார்டு உறுப்பினர் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதில்லை. இதற்கிடையே அடுக்ககத்து வாடகைக்காரர்களையும், பின்னால் இருக்கும் குடிசைப் பகுதி ஆட்களையும் உறுப்பினராக்க வேண்டும் என்கிறார் ஒருவர். வரி கட்டாதவர்களுக்கு எதற்கு உறுப்பினர் உரிமை என்பது என் எண்ணம். விலகிவிடலாமா என்று இருக்கிறது. மக்களைக் கூட்டத்துக்கு வரவைக்க என்ன வழி?

க., சாட்ஸ்வொர்த்

அன்புள்ள க.,

விலகாதீர்கள். இரண்டு வாரமாக என் மேசையில் ஒரு பழைய நோட்டு கிடக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அதைத்தான் மறுபடி எடுத்துப் பிரித்தேன்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். வார்டு கமிட்டிக்கு உங்கள் வார்டு உறுப்பினர்தான் சட்டப்படி தலைவர். அவரோடு பத்துப் பேர் வரை இருக்கலாம். அந்தப் பத்துப் பேர் யார் என்று விசாரியுங்கள், மின்னஞ்சலை விட்டுவிட்டு நேரில் போங்கள். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. வரைவு பட்ஜெட் மார்ச் முடிவதற்குள் மன்றத்துக்கு வந்துவிடும். தெருவிளக்கு வேண்டுமென்றால் ஏப்ரலிலேயே எழுதிக் கொடுங்கள். ஆகஸ்டில் கத்திப் பயனில்லை. வாட்ஸாப் புலம்பலைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அது பாட்டுக்கு ஓடட்டும்.

இப்போது அந்த நோட்டு. அது என் அப்பாவுடையது. அவர் நகராட்சியில் தெருக்கூட்டியவர். நாங்கள் சோம்ட்சூ ரோட்டில், நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பேரக்ஸில் இருந்தோம். இனத்துக்கு ஒரு பகுதி என்று ஊரைப் பிரித்து, 1950-இல் வந்த குழு வாழிடச் சட்டம் எங்களையும் விடவில்லை. அறுபதுகளின் நடுவில், எனக்கு ஏழு வயதில், சாட்ஸ்வொர்த்துக்கு வந்தோம். பேரக்ஸில் ஒரே வரிசையில் இருந்தவர்கள் இங்கே ஆளுக்கொரு மூலைக்குச் சிதறிப்போனார்கள். இடத்துக்குப் பெயர்கூடக் கிடையாது, யூனிட் 2, யூனிட் 3 என்று எண்தான். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் அப்பாவுக்குத் தெரியாது.

வந்த மூன்றாம் மாதம் எதிர்வரிசையில் ஒரு சாவு. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, ஆனால் வந்தவர்கள் சாப்பிட்டாக வேண்டும். பேரக்ஸில் என்றால் கோயில் அண்டாக்கள் இருந்தன. இங்கே யாரிடமும் பெரிய பாத்திரம் இல்லை. அம்மா எங்கள் வீட்டுச் சட்டியில் நாலு தடவை சோறு வடித்தாள். அந்த வாரமே அப்பாவும் இன்னும் ஐந்து பேரும் வீடு வீடாகப் போய் ஐம்பது சென்ட் வசூலித்து மூன்று அண்டாவும் இரண்டு பெரிய கரண்டியும் வாங்கினார்கள். சங்கம் என்ற பெயரெல்லாம் அதற்கு அப்புறம் வந்ததுதான்.

அந்த அண்டாக்களை யார் வாங்கிப் போனார்கள் என்ற கணக்குதான் இந்த நோட்டு. தேதி, வீட்டு எண், சாமான், எதற்கு. ‘எதற்கு’ என்ற இடத்தில் ஒரே ஒரு சொல் இருக்கும்: சாவு. கல்யாணம். கூழ். காவடி. பதினாறாம் நாள். இருபது பக்கம் புரட்டினால் அந்தத் தெருவே எழுந்து வந்து நிற்கிறது தம்பி. உங்கள் கூட்டக் குறிப்பேட்டில் அப்படி ஒரு பக்கம் இருக்கிறதா? ‘தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது’ என்ற வரியிலிருந்து யார் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது என்று தெரியுமா?

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்த நோட்டோடு உட்காருவார். எந்த வீட்டு எண் அதில் வரவே இல்லை என்றுதான் தேடுவார். ஒருநாள், “ரெண்டு வருசமா அறுபத்தொண்ணுல இருந்து ஒரு கரண்டிகூட வாங்க வரலையே” என்றார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கதவைத் திறந்த அம்மாவின் கணவர் ஜோஹன்னஸ்பர்க் போனவர், திரும்பவில்லை. மூன்று பிள்ளைகள். பெரியவள் வயதுக்கு வந்து ஒரு தண்ணீர்கூட ஊற்றவில்லை, கூப்பிட யார் இருக்கிறார்கள் என்றார். அப்பா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மூன்று அண்டாக்களையும் தள்ளுவண்டியில் ஏற்றி அந்த வீட்டு வாசலில் இறக்கினார். “எங்க வீட்டுல வைக்க இடமில்லைம்மா, இனிமே இது உங்க வீட்டுலயே இருக்கட்டும், நோட்டையும் நீங்களே எழுதுங்க” என்றார். அப்புறம் தெருவில் யாருக்கு என்ன நடந்தாலும் 61-இன் கதவைத்தான் தட்ட வேண்டும். நோட்டில் அங்கிருந்து கையெழுத்து மாறுகிறது. பதினோரு வருடம் அந்த அம்மாவின் எழுத்து. அந்தப் பெண்ணின் கல்யாணத்தையும் அவரே எழுதியிருக்கிறார்.

கூட்டத்துக்கு வாருங்கள் என்று நீங்கள் நானூறு வீட்டையும் கூப்பிடுகிறீர்கள். வந்தவர் அங்கே என்ன செய்ய வேண்டும்? உட்கார்ந்து கேட்க வேண்டும். வேலை முடிந்து களைத்து வந்தவர் எதற்கு வருவார்? அவர் இல்லாவிட்டால் நின்றுபோகும் ஒரு வேலையை அவர் வீட்டில் கொண்டுபோய் வையுங்கள். ஏணி ஒருவர் வீட்டில், நாற்காலிகள் ஒருவர் வீட்டில், தண்ணீர்ப் பீப்பாய்கள் ஒருவர் வீட்டில். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குடிநீர் நிலையம் சேதமாகி, டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. நாளைக்கு உங்கள் பகுதிக்கு அப்படி ஒன்று வந்தால் எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறார், யாருக்கு வாளி தூக்க முடியாது என்று செயலாளருக்குத் தெரிய வேண்டும். உங்களுக்குத் தெரியுமா?

சரி, வரி விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபம்தான். 1896-இல், டர்பன் இருக்கும் நேட்டாலில் நம் இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறித்தார்கள். 1924-இல் நகராட்சி ஓட்டையும் எடுத்துவிட்டார்கள். அதற்கு அப்புறம் எழுபது வருடம் நம்மவர்கள் டர்பனில் வீடு வைத்திருந்தார்கள், வரி கட்டினார்கள். அந்தப் பணம் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று சொல்ல அவர்களுக்கு வாய் இல்லை. வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றவர்களின் ஊரில் உட்கார்ந்து, ரசீதைக் காட்டினால்தான் உள்ளே விடுவேன் என்கிறீர்கள். உங்களுக்கு இந்த வரலாறு தெரிய வாய்ப்பில்லை. ஆனால் உங்கள் சங்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்லித்தந்திருக்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் நம் சாட்ஸ்வொர்த்தின் பேவியூ, வெஸ்ட்கிளிஃப் அடுக்ககங்களில் வாடகை பாக்கிக்காகக் குடும்பங்களை வெளியேற்ற வந்தபோது கூடி நின்று தடுத்தவர்கள், நீங்கள் வேண்டாம் என்கிற அதே வாடகைக்காரர்கள்தான். பெண்கள் முன்னால் நின்றார்கள்.

குடிசைப் பகுதியைப் பற்றியும் நோட்டில் ஒரு வரி இருக்கிறது. 1993. வீட்டு எண் எழுத வேண்டிய இடத்தில் ‘ஆத்துக்கு அந்தப் பக்கம்’ என்று இருக்கிறது. ஒரு ஜூலுக் குடும்பப் பெயர், தமிழ் எழுத்தில். எதற்கு: சாவு. அண்டா திரும்பி வந்தபோது உள்ளே அமதும்பே நிறைய இருந்தது, நம் சேப்பங்கிழங்குதான். அன்றைக்கு எங்கள் வீட்டில் புளி ஊற்றிக் குழம்பு.

இரண்டு வருடம் கழித்து நோட்டு நின்றுபோகிறது. சமையல்காரரே எல்லாப் பாத்திரமும் கொண்டுவரும் காலம் வந்தது. தேர்தல் சண்டை வந்தது. அண்டாக்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில், நம்மவர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் தெருமுனைகளில் தடுப்பு வைத்து ஆட்கள் காவல் நின்றார்கள். கடைகள் எரிந்தன, பயம் பொய்யில்லை. ஆனால் அங்கே 36 பேர் செத்தார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். நின்றவர்களில் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாதவர்களே அதிகம் என்று நம்புகிறேன். இருந்தாலும், எதிரே நடந்து வருகிறவர் யார் என்று தெரியாத தெருவில் காவல் நின்றால் என்ன நடக்கும் என்பதை நாம் பார்த்துவிட்டோம். நீங்கள் வாசலில் நிறுத்தப் பார்க்கிற குடிசைப் பகுதி ஆட்கள்தான் அப்படி எதிரே நடந்து வருகிறவர்கள், தம்பி. அவர்கள் வீட்டுச் சாவு உங்கள் நோட்டில் வரட்டும்.

கடிதத்தில் ஒரு பாட்டியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரு வருடமாக மாதாமாதம் வந்து உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார், அவர் பெயரையோ வீட்டு எண்ணையோ நீங்கள் எழுதவில்லை. இந்த சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் ஒரு டீ குடியுங்கள். உங்கள் தெருவில் முன்பு அண்டா யார் வீட்டில் இருந்தது என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.