ஓவர்க்ளாக் அப்புறம், முதலில் சூட்டைக் குறையுங்கள்: கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "சிபியு சூடு அதிகமாக இருக்கிறது, ஓவர்க்ளாக் செய்யலாமா?" ஓவர்க்ளாக் என்றால் சிபியுவை, அதாவது பிராசசர் சிப்பை, அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது அதை எழுதியவரின் பர்மா ஊர். பிராசசர் பெயர், அதன் சூட்டை இழுக்கும் கூலர், அறையின் வெப்பம், முழு வேலையில் காட்டும் வெப்பம் ஆகிய நான்கையும் எழுதியவர்களுக்கு விரிவாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

ரங்கூன்: அண்ணே, ஐ5-12600கே, தனியாக வாங்கிய டவர் கூலர். அறை 35 டிகிரி. சும்மா இருக்கும்போது 52, கேம் ஆடினால் 96. 5 கிகாஹெர்ட்ஸ் ஓட்ட ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

தம்பி, 96-ஐ மட்டும் பார்க்காதீர்கள். அதிலிருந்து அறையின் 35-ஐக் கழித்தால் 61 வருகிறது. உங்கள் கூலரின் நிலைமையைச் சொல்வது அந்த 61-தான். கேம் முழு வேலைகூட இல்லை, அதற்கே 61 என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது.

வெப்பம் எப்படி ஏறுகிறது என்று கவனியுங்கள். வேலை கொடுத்த ஒன்றிரண்டு நொடியில் 52-லிருந்து 95-க்குத் தாவினால் கூலர் சிப்போடு சரியாக ஒட்டவில்லை. பத்து நிமிடத்தில் மெதுவாக ஏறினால் கேபினெட்டுக்குள் சூடான காற்று வெளியேற வழியில்லை. இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் சாக்கெட், அதாவது மதர்போர்டில் சிப் உட்காரும் இடம், 1700 வகை. பழைய 1200 சாக்கெட்டில் கூலர் துளைகளின் இடைவெளி 75 மி.மீ., இதில் 78. சிப்பின் உயரமும் குறைவு. பழைய கூலரை அதன் பழைய பிராக்கெட்டோடு எப்படியோ மாட்டியிருந்தால் அழுத்தம் போதாது. கழற்றிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை எடுக்காமல் மாட்டியவர்களும் உண்டு. சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் பூசிய பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிது வையுங்கள். திருகுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரு மூலையை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

அப்புறம் பயாஸ், அதாவது கம்ப்யூட்டர் எழும்போது திறக்கும் போர்டின் அமைப்புத் திரை. பல போர்டுகள் பவர் லிமிட்டை (சிப் எடுக்கக்கூடிய மின்சாரத்தின் வரம்பை) தானாகவே தளர்த்தி வைத்திருக்கும். இந்தச் சிப்புக்கு இன்டெல் சொல்லும் உச்சம் 150 வாட். அதை அங்கே போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகு முழு வேலையில் 85 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 கிகாஹெர்ட்ஸ் போகலாமா? கணக்குப் போடுவோம். சிப் குடிக்கும் பவர் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு (அதை அதனாலேயே பெருக்கியதற்கு) நேர்விகிதத்திலும் ஏறும். 4.5-லிருந்து 5.0 போக 1.20 வோல்ட்டை 1.35 ஆக்க வேண்டியிருந்தால், பவர் சுமார் 40 சதவீதம் கூடும். அறைக்கு மேல் 50 டிகிரி இருந்தது 70 ஆகும். 35-ம் 70-ம் 105. இந்தச் சிப் 100-லேயே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். யூடியூபில் ஏசி போட்ட 22 டிகிரி அறையில் செய்து காட்டுபவருக்கு அதே அமைப்பு 92-ல் நின்றுவிடும். அவர் சொல்லும் எண்கள் அவர் அறைக்கு உண்மை, சித்திரை மாத ரங்கூனுக்குப் பொருந்தாது.

தான்லின்: ரைசன் 5 5600, பெட்டியோடு வந்த கூலர். அறை 36, முழு வேலையில் 82. பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம். அந்தச் சிப்பின் எல்லை 90. அந்தச் சின்னக் கூலருக்கு இது இயல்பு. ஓவர்க்ளாக் மட்டும் அதை வைத்துக்கொண்டு வேண்டாம்.

கூலரை மாற்றப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. ஏஎம்4 சாக்கெட்டில் ஊசிகள் சிப்பின் அடியில் இருக்கின்றன. பேஸ்ட் காய்ந்திருக்கும்போது கூலரை நேராகப் பிடித்து இழுத்தால் சிப்பும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசி வளையும். பத்து நிமிடம் கனமான வேலை கொடுத்துச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைக் கழற்றி, கூலரை இடதும் வலதுமாகத் திருகித் தளர்த்தியபின் தூக்குங்கள்.

பெகு: ஐ5-12400, எச்610 போர்டு. ஓவர்க்ளாக் எப்படி?

முடியாது. வேகத்தைக் கூட்ட முடியாதபடி சிப்பும் பூட்டியது, போர்டும் பூட்டியது.

ரங்கூன்: ரைசன் 7 7700எக்ஸ் எப்போதும் 95-ஐத் தொடுகிறது. கூலரை மாற்றியும் அதே 95.

அது அப்படி ஓடும்படிதான் வடிவமைக்கப்பட்டது. இடம் இருக்கும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே 95 வரை போகும். நல்ல கூலர் போட்டால் வெப்பம் குறையாமல் வேகம் கூடும். பயாஸில், குறைந்த மின்சாரத்தில் ஓட்டும் 65 வாட் ஈகோ மோடு போடுங்கள், சூடு நன்றாக இறங்கும். வேகத்தில் இழப்பு கொஞ்சம்தான்.

மாந்தலே: கேபினெட் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டாண்டு ஃபேனைத் திருப்பி வைத்தேன். 14 டிகிரி இறங்கியது! எல்லாரும் இதையே செய்யலாமே?

14 டிகிரி என்பது உங்கள் கேபினெட் மூச்சுமுட்டுகிறது என்பதற்குச் சாட்சி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியா? அப்படியானால் காற்று உள்ளே வர வழியே இல்லை. சோதனைக்குத் திறந்து பார்த்தது சரி. நிரந்தரமாக வேண்டாம், உங்கள் ஊர்ப் புழுதிக்குக் கூலரின் உலோகத் தகடுகள் (ஹீட்சிங்க்) சீக்கிரமே அடைத்துவிடும்.

இதற்கு மோல்மீனிலிருந்து ஒருவர் கோபமாகவே எழுதினார்: "ஐயா, திறந்து வைக்கச் சொல்லாதீர்கள். மழைக்காலத்தில் எறும்பு போர்டு முழுக்கக் குடியேறியது. ஒரு பல்லி செத்து ஷார்ட் ஆனது." மாந்தலேக்காரர் விடவில்லை: "மாதாமாதம் புளோயர் அடிக்கிறேன். இங்கே அவ்வளவு மழையும் இல்லை, பல்லியும் இல்லை." நடுவில் ரங்கூனிலிருந்து இன்னொருவர், மூடி போட்டால்தான் காற்று நேராக ஓடும், திறந்தால் சூடு கூடும் என்றார்.

மூன்று பேரிடமும் உண்மை இருக்கிறது. முன்னால் சல்லடையும், இரண்டு ஃபேனும், பின்னால் ஒரு ஃபேனும் உள்ள கேபினெட்டில் திறப்பதால் இரண்டு மூன்று டிகிரிதான் மாறும். சிலவற்றில் போர்டின் வோல்டேஜ் பகுதி திறந்த நிலையில் கூடுதலாகச் சூடாகும், ஏனென்றால் அதன்மேல் ஓடிய காற்று நின்றுபோகிறது. முன்பக்கம் அடைத்த கேபினெட்டில் திறப்பதே மேல். ஆனால் அது நோயைக் காட்டும் சோதனை, மருந்து முன்பக்கத்தில் இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெல்லிய நைலான் வலை கட்டுங்கள். உள்ளே இழுக்கும் ஃபேன் வெளியே தள்ளுவதைவிடக் கூடுதலாக இருக்கட்டும். அப்போது இடுக்குகள் வழியாகக் காற்று வெளியே போகும், புழுதி அந்த வழியாக உள்ளே வராது. வலையை வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். அடைத்த வலை கண்ணாடியைப் போலத்தான். 

இன்னொன்று: புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

பெகு: எத்தனை டிகிரி நார்மல்?

அறை எத்தனை? எந்தச் சிப்? என்ன வேலை?

தட்டோன்: தெர்மல் பேஸ்ட் கிடைக்கவில்லை. டூத்பேஸ்ட் வைக்கலாமா?

கூடாது. சீக்கிரம் காய்ந்து விரிசல் விடும். பஸ்ஸில் பேஸ்ட் வந்து சேரும்வரை கம்ப்யூட்டரை அணைத்து வையுங்கள்.

ரங்கூன்: ஐ7-13700கே. 100 தொடுகிறது, கேமும் பாதியில் மூடிக்கொள்கிறது. பேஸ்ட் மாற்றியாயிற்று.

இது சூடு மட்டுமல்ல. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் பல தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் சேதமாகும் பிரச்சினை இருந்தது. 2024 செப்டம்பரில் இதைச் சரிசெய்ய 0எக்ஸ்12பி என்ற மைக்ரோகோடு (சிப்பின் உள் நிரலுக்கான திருத்தம்) வந்தது. அதுவோ அதற்குப் பிந்தையதோ உள்ள பயாஸைப் போடுங்கள். ஏற்கெனவே சேதமான சிப்பை அது மீட்காது. பெட்டியில் வாங்கியது என்றால் வாரண்டியை இன்டெல் இரண்டு ஆண்டு நீட்டியிருக்கிறது, கேளுங்கள்.

ஆனால் கரண்ட் முறை வைத்து வரும் நம் ஊரில் யூபிஎஸ் இல்லாமல் பயாஸைப் புதுப்பிக்காதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டே எழுந்திருக்காது. ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடி போதும். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அது சுத்தமான சைன் வேவ் தருகிறதா என்று பாருங்கள், சில பவர்சப்ளைகள் மற்றதோடு ஒத்துப்போகாமல் அணைந்துவிடும்.

தான்லின்: லேப்டாப் சூடாகிறது.

லேப்டாப்பை நான் பார்ப்பதில்லை. திறந்து துடைக்கத் தெரிந்த கடைக்காரரிடம் கொடுங்கள்.

மோல்மீன்: ஏசி அறையில் கம்ப்யூட்டருக்குள் ஈரம் படியுமா?

ஓடும் சிப் அறையைவிடச் சூடாகவே இருக்கும், படியாது. குளிர்ந்த அறையிலிருந்து வெளியே எடுத்துப்போனால் மட்டும் உடனே போடாமல் ஒரு மணி நேரம் பொறுங்கள்.

பெகு: 80 டிகிரி நார்மலா?

மேலே படியுங்கள்.

ரங்கூன்: ரைசன் 7 5800எக்ஸ், பி550 போர்டு, 240 மி.மீ. வாட்டர் கூலர். அறை 34. சினிபெஞ்ச் (முழு வேலை கொடுக்கும் சோதனை மென்பொருள்) 30 நிமிடத்தில் 88. மூடி கழற்றினால் 86. பேஸ்ட் புதிது. யூபிஎஸ் உண்டு. இனி என்ன செய்யலாம் அண்ணா?

தங்கச்சி, கேட்டால் இப்படிக் கேட்க வேண்டும். மூடிக்கும் திறப்புக்கும் இரண்டே டிகிரி, எனவே கேபினெட் சரி. இந்தச் சிப்பில் எட்டுக் கோர்களும் (கணக்குப் போடும் பகுதிகளும்) ஒரே சின்னத் துண்டில் நெருங்கி இருப்பதால் சூடு வெளியே வரச் சிரமப்படும். எல்லை 90 என்பதால் வோல்டேஜைக் கூட்ட இடமே இல்லை. குறைக்கும் வழியில் போவோம்.

பயாஸில் கர்வ் ஆப்டிமைசரை (கோருக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கும் அமைப்பை) எல்லாக் கோருக்கும் மைனஸ் 10 வையுங்கள். பிபிடி, அதாவது இதன் பவர் லிமிட், 142 வாட் இருக்கும், 120 ஆக்குங்கள். வெப்பம் இறங்கும், சிப் அந்த இடத்தை எடுத்துக்கொண்டு தானே வேகத்தைக் கூட்டும். உங்களுக்கு ஓவர்க்ளாக் இதுதான். ஒருநாள் முழுக்கச் சரியாக ஓடினால் மைனஸ் 15. கனமான வேலையில் பிழைத்துவிட்டு, சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆவதுதான் இதில் வழக்கமான கோளாறு. அதனால் இரவு முழுக்க வேலை கொடுக்காமலும் ஓடவிட்டுப் பாருங்கள். ரீஸ்டார்ட் ஆனால் ஐந்து படி பின்னால் வாருங்கள். எண்களை எனக்கு அனுப்புங்கள், அடுத்த முறை கோர் கோராகப் பிரித்துப் பார்ப்போம்.