தீபாவளிக்கும் அதற்குப் பிறகும் தொழிலாளர்களை மதிப்பது எப்படி?

நாற்பது பேர் வேலை செய்யும் தையல் யூனிட்டை நடத்தும் நீங்கள், ஆண்டுதோறும் தீபாவளிக்குப் போனஸ் கொடுத்தும் ஆட்கள் ஏன் நிலைப்பதில்லை, அவர்களைப் பாராட்ட வேறென்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். திருப்பூரில் பின்னலாடை நிறுவனங்களின் சம்பளக் கணக்கைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில், போனஸைப் பரிசுக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டத்தின் கீழ் நடைமுறைக்கு வந்து, புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடரும் குறைந்தபட்ச அளவான 8.33 சதவீதம் என்பது, கணக்கில் எடுக்கப்படும் ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது ஒரு மாதச் சம்பளம். உங்களைப் போல 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில், அரசு நிர்ணயித்த வரம்புக்கு உட்பட்ட சம்பளம் வாங்கி, ஆண்டில் 30 நாட்களாவது வேலை பார்த்தவருக்கு அது உரிமை. பீஸ் ரேட்டில், அதாவது தைக்கும் உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், தைக்கிறார் என்பதற்காக ஒரு டைலருக்கு அது இல்லாமல் போவதில்லை. உழைத்துச் சேர்த்த பணத்தை மேடை போட்டு, படம் எடுத்து, கருணையைப் போல வழங்கினால், வாங்குபவர் மனம் சுருங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்தப் பணம் எப்போது வருகிறது, எந்தக் கணக்கில் வருகிறது என்பதைத்தான் தொழிலாளர்கள் கவனிக்கிறார்கள். கணக்கு ஆண்டு முடிந்து எட்டு மாதங்களுக்குள், அதாவது நவம்பர் 30க்குள் கொடுத்தால் போதும் என்று சட்டம் சொல்லலாம். ஆனால் தேனிக்கும் சிவகங்கைக்கும் பேருந்து ஏற வேண்டியவருக்கு, கிளம்புவதற்கு முந்தின இரவில் கிடைக்கும் போனஸால் பெரிய பயன் இல்லை. பிள்ளைகளுக்குத் துணி எடுக்கவும் வட்டிக்கு வாங்கியதை அடைக்கவும் பத்து நாட்கள் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். கூடவே எந்தச் சம்பளத்தை அடிப்படையாக எடுத்தீர்கள், எத்தனை சதவீதம், முன்பணம் எவ்வளவு கழிந்தது என்று ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு சீட்டு கொடுங்கள். பக்கத்து மிஷினில் இருப்பவருக்கு ஏன் கூடுதலாக வந்தது என்ற சந்தேகம்தான், என் அனுபவத்தில், தொகை குறைந்ததைவிட அதிகம் பேரை வேலையிலிருந்து விலக வைத்திருக்கிறது.

இனிப்புப் பெட்டியில் ஆபீஸ் ஸ்டாஃபுக்கு ஒரு கிலோ, ஹெல்பருக்குக் கால் கிலோ என்று பிரிக்காதீர்கள். இதை மன்னிக்க முடியாத தவறு என்றே நான் நினைக்கிறேன்.

எல்லோருக்கும் தீபாவளிதான் பெரிய பண்டிகை என்றும் எண்ண வேண்டாம். பீகாரிலிருந்து வந்தவர்களுக்குத் தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும் சத் பூஜைக்கு ஊரில் இருப்பதே முக்கியம்; ஒடிசாவினருக்கு ஜூன் மாத நடுவில் ரஜ பண்டிகை வரும். ரம்ஜானும் கிறிஸ்துமஸும் கொண்டாடுபவர்கள் உங்கள் யூனிட்டிலேயே இருப்பார்கள். வேலைக்குச் சேரும்போதே கேட்டு எழுதிவைத்துக்கொண்டு, அவரவர் பண்டிகைக்கு விடுப்பும் முன்பணமும் கேட்காமலே கிடைக்கச் செய்தால், அதைவிடப் பெரிய மரியாதை இல்லை.

பாராட்டு என்பது மீதமுள்ள மாதங்களில் நடக்க வேண்டியது. துணியின் நிறம் (ஷேடு) மாறியிருப்பதைச் செக்கிங் பெண் ஒருவர் கண்டு சொன்னதால் ஒரு ஷிப்மென்ட் திரும்பி வராமல் தப்பினால், அன்றே அந்தத் தையல் வரிசையில் (லைனில்) எல்லோர் முன்பும் அவர் பெயரைச் சொல்லி, என்ன செய்தார் என்பதையும் சொல்லுங்கள். ‘ஆண்டின் சிறந்த ஊழியர்’ விருதில் எனக்கு நம்பிக்கை இல்லை; துணியை மடித்துக் கொடுக்கும் ‘கைமடி’ ஹெல்பர் இல்லாமல் எந்த டைலரும் வேகமாகத் தைக்க முடியாது என்பதால், லைன் முழுவதற்கும் சேர்த்துக் கொடுப்பதே நியாயம். ஆயுத பூஜையன்று முதலாளிக்குப் பதிலாக நெடுநாள் வேலை பார்க்கும் கட்டிங் மாஸ்டர் தீபாராதனை காட்டட்டும்.

செலவுக்கு இடம் இருந்தால், ஜூனில் பள்ளி திறக்கும்போது கட்டணத்துக்கு வட்டியில்லா முன்பணம் கொடுத்து, சம்பளத்தில் சிறுசிறு தவணையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், போனஸ் சீட்டிலிருந்து தொடங்குங்கள். அதற்குத் தாள் செலவைத் தவிர வேறு செலவில்லை.