கேள்வி – பதில்: ராக்கெட் யாருடையது, பணம் யாருடையது?

கேள்வி: ஸ்பேஸ் எக்ஸ் போன்ற நிறுவனங்கள் வந்துவிட்டன. விண்வெளி ஆய்வை முழுக்கத் தனியாரிடமே விட்டுவிட்டால் அரசுப் பணம் மிச்சமாகுமே?
– கல்லூரி மாணவி, குழித்துறை

பதில்: மிச்சமாகாது மகளே.

ராக்கெட் செய்யத் தனியாரால் முடியும். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. 2022 நவம்பரில் ஸ்கைரூட் என்ற இந்தியத் தனியார் நிறுவனத்தின் விக்ரம்-எஸ் ராக்கெட் பறந்தது. 2024 மே மாதம் சென்னையின் அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கிய எஞ்சினை வைத்துச் சோதனை ராக்கெட்டை ஏவியது. அந்த இளைஞர்களை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் இரண்டு ராக்கெட்டுகளும் கிளம்பியது இஸ்ரோவின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. 2023 ஜூலையில் ஸ்கைரூட் தன் திரவ எரிபொருள் எஞ்சினை எரித்துப் பார்த்த இடம், ஆரல்வாய்மொழிக்கு அப்பால் நிற்கும் நம் மகேந்திரகிரி. அந்தச் சோதனை மேடையும் இஸ்ரோ கட்டியதுதான்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஸ்பேஸ் எக்ஸின் பால்கன்-1 நான்காவது முயற்சியில், 2008 செப்டம்பரில்தான் சுற்றுப்பாதையை எட்டியது. அந்த டிசம்பரிலேயே, விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோக 160 கோடி டாலர் ஒப்பந்தத்தை நாசா கொடுத்தது. வண்டி தனியாருடையது, வாடகை அரசுடையது. 2024 பிப்ரவரியில் நிலவில் இறங்கிய முதல் தனியார் கலத்துக்கும் நாசாதான் பணம் கொடுத்தது.

செல்வந்தர்கள் அறிவியலுக்குப் பணம் தந்ததே இல்லையா என்று கேட்பாய். தந்திருக்கிறார்கள். ஜேம்ஸ் லிக் என்ற அமெரிக்கச் செல்வந்தர் விட்டுச்சென்ற பணத்தில் கலிபோர்னியாவில் வானாய்வகம் எழுந்தது. வியாழனின் ஐந்தாவது நிலவை 1892-இல் அங்கிருந்துதான் கண்டார்கள். ஆனால் அது கொடை, லாபம் கேட்காத பணம். பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய நிறுவனம், வாங்க ஆளில்லாத அறிவைத் தேடி எத்தனை ஆண்டு செலவழிக்கும்?

ஒக்கி புயலை நினைத்துப் பார். 2017 நவம்பர் இறுதியில், கைபேசி எட்டாத ஆழ்கடலில் நின்ற தூத்தூர், வள்ளவிளைப் படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. இன்று விசைப்படகுகளில் பொருத்தப்படும் சிறு டிரான்ஸ்பாண்டர் பெட்டி, நடுக்கடலிலிருந்து இஸ்ரோ செயற்கைக்கோள் வழியே கரைக்குச் செய்தி அனுப்புகிறது; கரையின் எச்சரிக்கையையும் வாங்கிக்கொள்கிறது. ஒரு மீனவனின் உயிருக்கு லாபக் கணக்கு பார்க்கிற கையில் இதை ஒப்படைக்க எனக்குச் சம்மதமில்லை. தனியார் ராக்கெட் செய்யட்டும், விலையைக் குறைக்கட்டும். எங்கே போக வேண்டும், யாருக்காகப் போக வேண்டும் என்பதை மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட அரசு முடிவு செய்யட்டும்.

கேள்வி: குலசேகரன்பட்டினத்தில் எதற்கு இன்னொரு ஏவுதளம்?
– மீனவர், குளச்சல்

பதில்: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, பூமியின் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்கு ஏவினால் இலங்கையைத் தவிர்த்து வளைந்து போக வேண்டும். எரிபொருள் வீணாகும், சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. குலசையிலிருந்து நேர் தெற்கே கடல்தான். தனியார் ராக்கெட்டுகளும் அங்கிருந்து கிளம்பும். ஏவும் நாட்களில் கடலுக்குப் போக முடியாதவர்களின் அன்றாட வருமானத்தையும் அந்த நிறுவனங்களின் கட்டணத்தில் சேர்த்து வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.