வீடியோவில் புரிகிறது, பரீட்சையில் வரவில்லை!

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், இணையத்தில் ஒரு வினாத்தாளை நிரப்பினாள். 'பார்த்துக் கற்கும் ரகம்' என்று வந்தது. அன்றிலிருந்து எல்லாப் பாடத்துக்கும் வீடியோதான். பார்க்கும்போது புரிகிறதாம், பரீட்சையில் எழுத வரவில்லை. கேட்டுப் படிக்கும் முறைக்கு மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம், அந்த முத்திரையையே கழற்றிவிடுங்கள். இத்தகைய வினாத்தாள்கள் காட்டுவது விருப்பத்தைத்தான், திறமையை அல்ல. ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008இல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். ரகத்துக்கேற்பச் சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. வழியை முடிவு செய்வது பாடம்தான். உச்சரிப்பைக் காதால்தான் பிடிக்க முடியும், கணக்கு கையால் போட்டால்தான் வரும்.

வீடியோவில் அடுத்து என்ன என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. மகள் எதையும் நினைவிலிருந்து எடுக்கவில்லை; பரீட்சை கேட்பதோ அதை மட்டும்தான்.

இதயம் பாடம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிடம் பார்த்ததும் திரையை அணைத்துவிட்டு, வெற்றுத்தாளில் நான்கு அறைகளை வரைந்து, ரத்தம் போகும் பாதைக்கு அம்புக்குறி போடட்டும். தடுக்கினால் உடனே புத்தகத்தைப் புரட்டக் கூடாது, ஒரு நிமிடமாவது யோசிக்க வேண்டும். பிறகு சிவப்பு மையில் திருத்தம். நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். பெரும்பாலும் அங்கேதான் சறுக்கும். மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி வெற்றுத்தாள்.

முதலில் 'இதில் ஒன்றும் ஏறவில்லை' என்பாள். அது இயல்புதான். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள்.

கேள்வி: பத்து வயது மகன் வாசிக்கச் சொன்னால் நழுவுகிறான். நாங்கள் படித்துக் காட்டினால் டக்கென்று பதில் சொல்கிறான். கேட்டுக் கற்கும் ரகம்தானே?

பதில்: அப்படிச் சொல்லி விட்டுவிடாதீர்கள். முதலில் கண் பரிசோதனை. பார்வையில் குறை இல்லாமலும் வரி தாவுவது, தெரிந்த சொல்லிலேயே திணறுவது, சொல்லின் முதலெழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பது தொடர்ந்தால், டிஸ்லெக்ஸியா (வாசிப்பதில் வரும் கற்றல் சிரமம்) உண்டா என்று சிறப்புக் கல்வி நிபுணரிடம் காட்டுங்கள். அதுவரை படித்துக் காட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் படிக்கும்போது அவன் விரல் அந்த வரியின் மேல் நகர்ந்துகொண்டிருக்கட்டும்.