கடல் கடந்து போய்வர: வாசகர் கேள்வி – பதில்

யாழ்ப்பாணத்திலிருந்து தீவுகளுக்கும் நாகபட்டினத்துக்கும் போய்வருவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இம்முறை பதில் தருகிறோம். கேள்விகள் வேறு வேறாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். திரும்பி வரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டை விட்டு எப்போது வெளிக்கிடுவது என்பதை அதிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள்.

கேள்வி: காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் நாகபட்டினம் போய், வேளாங்கண்ணி மாதாவைக் கும்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்பலாமா? (வாசகி, குருநகர்)

முடியாது. 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கி இடையில் நின்று, 2024 ஓகஸ்ட் 16இல் மறுபடி ஆரம்பித்த இந்தச் சேவையில் கப்பல் நாகபட்டினத்தில் காலையில் புறப்பட்டு மதியமளவில் காங்கேசன்துறைக்கு வரும். ஆட்களை ஏற்றிக்கொண்டு பிற்பகலில் திரும்பிப் போகும். கடலில் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். ஆகவே இங்கிருந்து போகிறவர் நாகையில் இறங்குவது மாலையில். அடுத்த நாள் காலைக் கப்பலில் திரும்பினால் ஓர் இரவு அறையில் படுத்து எழும்பியதுதான் மிச்சம், வேளாங்கண்ணிக்கு ஒழுங்காக நேரம் கிடைக்காது.

இரண்டு இரவுகள் தங்குவதாகத் திட்டமிடுங்கள். நடுவில் வரும் முழு நாளில் காலையிலேயே பஸ் எடுத்து வேளாங்கண்ணி போகலாம். நாகையிலிருந்து தெற்கே 12 கிலோமீற்றருக்குள்தான். மதியம் நாகைக்குத் திரும்பி, வெயில் தணிய வடக்கே நாகூர் தர்காவுக்கும் நேரம் இருந்தால் மேற்கே சிக்கல் சிங்காரவேலர் கோயிலுக்கும் போய்வரலாம். இவை இரண்டும் ஐந்தாறு கிலோமீற்றருக்குள் இருக்கின்றன.

பயணம் பிழைப்பது பெரும்பாலும் கடலில் அல்ல, கடதாசியில். இந்திய விசா கட்டாயம். கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக இருக்க வேண்டும். இணையத்தில் இ-விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள், எந்த விமான நிலையம் அல்லது துறைமுகம் வழியாக உள்ளே போகலாம் என்ற பட்டியலில் நாகபட்டினம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கட்டுங்கள். விசா கையில் வராமல் கப்பல் ரிக்கற் எடுக்க வேண்டாம். கப்பல் எல்லா நாளும் ஓடாது என்பதால், ஓடாத நாள் எது, இலவசமாகக் கொண்டுபோகக்கூடிய பொதியின் எடை எவ்வளவு என்ற இரண்டையும் பதிவு செய்யும்போதே கேளுங்கள். துறைமுகத்தில் குடிவரவு, சுங்கம் இரண்டும் இருக்கின்றன. இரண்டு மணித்தியாலம் முந்திப் போய் நில்லுங்கள்.

வேளாங்கண்ணித் திருவிழா ஓகஸ்ட் 29இல் கொடியேறி செப்டெம்பர் 8இல் முடியும். அந்த நாட்களில் போவதென்றால் கப்பலுக்கு முதல் தங்குமிடத்தைப் பிடியுங்கள். நவம்பர், டிசம்பரில் வாடைக்காற்றுக் காலத்தில் சேவை நிறுத்தப்படுவது வழக்கம், அந்த மாதங்களை நினைக்கவே வேண்டாம்.

கேள்வி: நெடுந்தீவை ஒரு நாளில் முழுதாகப் பார்க்கலாமா? எந்த ஒழுங்கில் பார்ப்பது? (வாசகர், கொக்குவில்)

முழுதாக முடியாது. ஆனால் ஒழுங்காகப் போட்டால் முக்கியமானவற்றைப் பார்த்துவிடலாம். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு 776 பஸ் பண்ணை, வேலணை, புங்குடுதீவு வழியாக ஒன்றேகால் தொடக்கம் ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். துறையில் அரை மணித்தியாலக் காத்திருப்பைச் சேருங்கள். படகு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். போக மூன்று, வர மூன்று என்று ஆறு மணித்தியாலம் வழியிலேயே போய்விடுகிறது. நெடுந்தீவிலிருந்து கடைசிப் படகு பிற்பகலிலேயே வெளிக்கிட்டுவிடும், மாலை வரை காத்திராது. அது மூன்று மணிக்கு என்று வைத்தால் இரண்டேகாலுக்குத் தீவின் படகுத்துறையான மாவலித்துறையில் நிற்க வேண்டும். அப்படியானால் விடிய முதல் பஸ்ஸைப் பிடித்து முதல் படகில் ஏறினால்தான் தீவில் நாலு மணித்தியாலமாவது கிடைக்கும். இரண்டாவது படகில் போகிறவர்களுக்குக் கோட்டையும் புறாக்கூடும் தவிர வேறொன்றும் அகப்படாது.

கரையில் இறங்கியதும் முதல் வேலை, திரும்பும் படகின் நேரத்தைப் படகுக்காரரிடமே கேட்பது. முதல் நாள் யாரோ சொன்ன நேரத்தை நம்ப வேண்டாம். பயணிகள் தொகையையும் காற்றையும் பார்த்து நேரம் மாறும். அடுத்தது, ஓட்டோக்காரரிடம் இடங்களின் பெயரையும் முழுத் தொகையையும் பேசிவிட்டு ஏறுவது.

தூரத்தில் உள்ளதை முதலில் பாருங்கள். தெற்குப் பக்க வெளியில் குதிரைகளும் குயின்டா என்ற பழைய கற்கோபுரமும், திரும்பும் வழியில் பெருக்குமரம் (பாவோபாப்), கடைசியாகத் துறைக்குக் கிட்ட உள்ள கோட்டைச் சிதைவும் புறாக்கூடும். நேரம் பிந்தினால் கடைசி இரண்டையும் விட்டுவிட்டுத் துறைக்கு ஓடலாம். மறுவளமாகப் போனவர்கள் தெற்கில் மாட்டுப்பட்டுப் படகை விடுகிறார்கள்.

குதிரைகள் அந்நியர் ஆட்சிக் காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை. கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாட்டால் அவை படும் பாடு கொஞ்சமல்ல, கேணிக்கும் குட்டைக்கும் அருகில்தான் நிற்கும். படம் எடுப்பதற்காக ஓட்டோவை அவற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிறுத்தச் சொல்லாதீர்கள். எட்ட நின்றே பாருங்கள்.

ஒழுங்கைகளில் சாந்து பூசாமல் அடுக்கிய மதில்களைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். எல்லாம் பவளக்கல். கல்லின் முகத்தில் விரல் நகமளவு நட்சத்திரங்கள் நெருக்கமாகப் பதிந்திருக்கும், உயிரோடு கடலில் இருந்த காலத்துப் பவளப்பூச்சிகளின் கூடுகள் அவை. கோட்டையும் இதே கல்லில் கட்டியதுதான். நினைவுக்கென்று ஒரு துண்டைப் பெயர்த்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு கல் போனால் மேலே உள்ள வரிசை சரியும்.

ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், தொப்பி, சில்லறைக் காசு கட்டாயம். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவது நல்லது. அன்றாடம் மருந்து எடுப்பவர்கள் அடுத்த நாளுக்கும் சேர்த்துக் கொண்டுபோங்கள். காற்று எழும்பினால் படகு நிற்கும்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. நயினாதீவுக்குக் கூட்டிப் போகலாமா? (வாசகி, மானிப்பாய்)

தாராளமாகக் கூட்டிப் போங்கள். குறிகட்டுவானிலிருந்து கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடத்தான் படகில் இருப்பீர்கள். கஷ்டம் படகில் ஏறுவதிலும் இறங்குவதிலும்தான். படகு அலையோடு எழும்பித் தாழும்போது துறைக் கட்டுக்கும் படகு விளிம்புக்கும் இடையில் ஓர் இடைவெளி விழும். படகு மேலே வரும் கணத்தில் காலை வைக்க வேண்டும், தாழும்போது வைத்தால் முழங்கால் முறுகும். முதலில் நீங்கள் ஏறி, பைகளை வாங்கி வைத்துவிட்டு, படகுக்காரர் ஒரு கையும் நீங்கள் ஒரு கையும் பிடிக்க அம்மாவை ஏற்றுங்கள். உள்ளே தாழ்வான தட்டுக்கு இறங்க விடாமல் வாசலுக்குக் கிட்ட இருத்தச் சொல்லிக் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். உயிர்காப்பு அங்கியை மடியில் வைத்திருந்து பயனில்லை, போட்டுக் கட்டிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை, போயா நாள், ஆனி மாத நாகபூசணி அம்மன் திருவிழாக் காலம் மூன்றையும் தவிருங்கள். அந்த நாட்களில் வரிசையில் நிற்பதே பெரும்பாடு. கிழமை நாளில் காலைப் படகில் போனால் பூசையும் பார்த்து, மதிய அன்னதானத்திலும் இருந்துவிட்டு வெயில் சாயத் திரும்பலாம்.

கேள்வி: எந்த மாதத்தில் கடல் அமைதி? வாந்தி வராமல் என்ன செய்வது? (வாசகர், சாவகச்சேரி)

மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை நல்ல காலம். வைகாசி தொடங்கி ஆவணி வரை சோளகம் என்ற தென்மேல் காற்று அடிக்கும். அப்போதும் காலைக் கடல் பெரும்பாலும் பரவாயில்லை, மதியத்துக்குப் பிறகுதான் காற்று ஏறும். பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது என்பதால் அலை நீளமாக உருளாமல் குட்டையாக, அடுத்தடுத்து வந்து மோதும். பெரிய கடலில் போய்ப் பழகியவருக்கும் இங்கே தலை சுற்றுவது அதனால்தான்.

படகின் நடுவிலோ பின்பக்க நடுவிலோ இருங்கள், முன்னணியம்தான் அதிகம் தூக்கிப் போடும். டீசல் புகை வராத பக்கமாகப் பார்த்து, தொடுவானத்தில் கண்ணை வையுங்கள். கைத்தொலைபேசியைக் குனிந்து பார்த்தால் கண் ஒன்று சொல்ல, உட்காது இன்னொன்று சொல்லும், குமட்டல் தானாக வரும். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. டைமென்ஹைட்ரினேட் மாத்திரை எடுப்பதென்றால் ஏறுவதற்கு அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் முந்தி எடுக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கிப் பயனில்லை. அது நித்திரையைக் கொண்டுவரும், வாகனம் ஓட்டுபவர்கள் எடுக்கக்கூடாது. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: கச்சதீவுக்கு விரும்பிய நாளில் போகலாமா? (வாசகர், பாசையூர்)

இல்லை. தவக்காலத்தில் வரும் புனித அந்தோனியார் திருவிழாவுக்கு மட்டும், முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்பட்ட படகுகளில் போகலாம். இரவு தங்க வேண்டும். தீவில் குடிதண்ணீர் இல்லை.

கேள்வி: மோட்டார் சைக்கிளோடு கடல் கடக்க ஒரு சின்னச் சுற்று சொல்லுங்கள். (வாசகர், சுன்னாகம்)

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப் போகும் மிதவையை இங்கே ‘பாதை’ என்பார்கள், அது உங்களுக்காகவே இருக்கிறது. பொன்னாலைத் தாம்போதி வழியாகக் காரைநகர் போய், கசூரினாக் கடற்கரையில் காலையில் குளித்துவிட்டு, துறைமுகப் பக்கம் வந்து பாதையில் சைக்கிளை ஏற்றுங்கள். சில நிமிடக் கடவைதான். கடலுக்கு நடுவில் நிற்கும் கடற்கோட்டையை அங்கிருந்து நன்றாகப் பார்க்கலாம். ஏற்றியதும் சைக்கிளைப் பக்க நிறுத்தியில் விடாமல் நடு நிறுத்தியில் நிறுத்தி, கியரில் போட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள். பாதை கரையில் முட்டும்போது ஒரு குலுக்கல் வரும், சரியும் வண்டிகள் எல்லாம் அந்த நேரத்தில்தான் சரிகின்றன. ஊர்காவற்றுறையிலிருந்து வேலணை, சாட்டிக் கடற்கரை, பண்ணை வழியாக வீடு வந்து சேரலாம்.

பாதை பழுதாகி நின்றால் வந்த வழியே யாழ்ப்பாணத்துக்குத் திரும்பித்தான் ஊர்காவற்றுறைக்குப் போக வேண்டும். காரைநகரில் எரிபொருளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.